எஸ். ஜி. கிட்டப்பா

எஸ். ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 - டிசம்பர் 2, 1933) புகழ்பெற்ற தமிழ் நாடக நடிகரும் பாடகரும் ஆவார்.

வாழ்க்கை

அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கோட்டையில் பிறந்தார். சிறுவயதிலேயே மேடையேறிய இவர், கன்னையாவின் நாடகக் குழுவில் பெரும்புகழ் பெற்றார். இலங்கையில் உடன் நடித்த கே. பி. சுந்தராம்பாளை 1927 இல் மணந்தார்.

மேடைப் பாணி

ஒலிபெருக்கி பரவலாகாத அக்காலத்தில், உச்சஸ்தாயியில் எளிதாகச் சஞ்சரித்த இவரது குரல் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டியது. சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். வள்ளி திருமணம் நாடகத்தில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாட்டிலேயே வாதிடும் காட்சிகள் மக்களைப் பெரிதும் கவர்ந்தன.

மறைவு

கிட்டப்பா 27 ஆவது வயதில் காலமானார். தமிழில் பேசும்படம் 1931 இலேயே வெளிவந்தபோதிலும், இவர் எத்திரைப்படத்திலும் நடிக்கவில்லை. இசைத்தட்டுகளில் பதிவான குரல் மட்டுமே எஞ்சியுள்ளது. 25 வயதில் கணவரை இழந்த சுந்தராம்பாள், 1980 இல் மறையும்வரை வெண்ணிற ஆடையே அணிந்தார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிக்கவில்லை.