அதிகாரம் இழந்த மன்னரும் நோயாளியின் இருக்கையும்

சாய்ந்து படுக்கத்தக்க பல் மருத்துவ இருக்கையை ஜேம்ஸ் ஸ்னெல் என்பவர் லண்டனில் வடிவமைத்தது 1832இல். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி மறைந்ததும் அதே ஆண்டு, மார்ச் 7 அன்று. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், சிகிச்சையின்போது நோயாளி எவ்வாறு அமர்வது, மருத்துவரின் கை எங்கே ஊன்றி நிற்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் சரபோஜிதான்.

1777இல் பிறந்த அவரை, 1787இல் தம் இறுதிக் காலத்தில் துளஜா மன்னர் தத்தெடுத்தார். ஆனால், அரியணையில் அமர்ந்தவர் அமர்சிங். சிறுவனுக்குத் துணை நின்றவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்ட சரபோஜி, 1798இல் முடிசூடினார். மறு ஆண்டே ஓர் ஒப்பந்தம் நிர்வாகம் முழுவதையும் கும்பெனியிடம் சேர்த்தது. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. அந்தப் பங்கு பெரும்பாலும் காவிரிப் பாசன வயல்களில் விளைந்த நெல்லின் பணம். படை இல்லை, வரி விதிக்கும் உரிமை இல்லை. செலவிடும் உரிமை மட்டும் இருந்தது. பொருளியல் கற்பித்தவனாகிய எனக்கு, அதை அவர் பயன்படுத்திய விதமே வியப்பு.

நூலகத்துக்கு அவர் சேர்த்த நூல்களை எல்லோரும் அறிவர். நோயாளிகளுக்கு அவர் செய்ததை அறிந்தோர் குறைவு. ஒரத்தநாட்டில் 1802இல் எழுந்த முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறு மட்டுமன்று, வைத்தியமும் கிடைத்தது. தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலை மருத்துவம் அறிந்தோர் ஒரே கூரையின்கீழ் பணியாற்றினர். அனுபவத்தில் தேறிய முறைகள் பின்னர் சரபேந்திர வைத்திய முறைகளாகத் தமிழில் தொகுக்கப்பட்டன.

அங்கு நடந்த கண் சிகிச்சையே என்னை அதிகம் ஈர்ப்பது. ஈதர் மயக்கத்தைப் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் பலர் முன்னிலையில் மெய்ப்பித்தது 1846இல்தான். அதுவரை கண்புரை நீக்க வந்தவர் விழித்த நிலையிலேயே, வெளிச்சத்தை நோக்கித் தாழ்ந்த ஆசனத்தில் அமர்வார். உதவியாளர் பின்னால் நின்று அவர் தலையைத் தம் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் எதிரே சற்று உயரமாக அமர்வார். உயரம் தவறினால் கை நடுங்கும். கை நடுங்கினால் பார்வை போகும். நோயாளியின் வசதியும் மருத்துவரின் வசதியும் அங்கே வேறுவேறல்ல. இன்று நாளெல்லாம் குனிந்து கழுத்துவலியோடு வீடு திரும்பும் பல் மருத்துவரிடம் கேட்டாலும் இதையே சொல்வார். நம் மருத்துவமனைகளோ கருவியின் விலையைப் பார்க்கும் அளவுக்கு இருக்கையின் உயரத்தைப் பார்ப்பதில்லை.

சரபோஜி ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பேடு எழுதச் செய்தார். நோயுற்ற கண்களை வண்ணத்தில் தீட்டவும் செய்தார். 1855இல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் அரசு இல்லாமற் போயிற்று. அந்தத் தாள்கள் சரஸ்வதி மகாலில் தங்கின. 2003இல்தான் சென்னைக் கண் மருத்துவர்களின் பார்வை அவற்றின்மீது விழுந்தது.