கோல் வலைக்குள் குதித்த தீயணைப்பு வீரர்

மாணவர்களே, கால்பந்துப் போட்டியில் பந்துதான் வலைக்குள் போகும். ஓர் ஆட்டக்காரரே எதிரணியின் வலைக்குள் ஓடிப்போய் நின்றுகொண்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அது நடந்தது. அப்படி நின்றவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த குன்னர் நோர்டால். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

அட்லஸை எடுத்து ஐரோப்பாவின் வடக்கு மூலையைப் பாருங்கள். ஸ்வீடனின் வடபகுதியில், கடலோரத்தில் ஹோர்னெஃபோர்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. காகிதக் கூழ் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. குளிர்காலத்தில் அங்கே சில மணி நேரமே வெளிச்சம் இருக்கும். பனி மூடிவிட்டால் மாதக்கணக்கில் மைதானமே கண்ணுக்குத் தெரியாது. அந்த ஊரில் 1921 அக்டோபர் 19 அன்று குன்னர் பிறந்தார். வீட்டில் ஆண் பிள்ளைகள் ஐந்து பேர்: பெர்ட்டில், க்னூட், குன்னர், கோஸ்டா, கோரன். ஐந்து பேருமே கால்பந்து வீரர்களாக வளர்ந்தார்கள். ஒரே வீட்டில் பாதி அணி!

உள்ளூர் அணியில் ஆடத் தொடங்கிய குன்னர், 1940இல் டெகர்ஃபோர்ஸ் என்ற அணிக்குப் போனார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஸ்வீடன் போரில் சேராத நாடு என்பதால் அங்கே உள்நாட்டுப் போட்டிகள் நிற்கவில்லை. ஆனால் 1942, 1946 ஆகிய ஆண்டுகளில் நடந்திருக்க வேண்டிய உலகக் கோப்பைகள் நடக்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1944இல் நோர்ஷோப்பிங் என்ற நகரத்து அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு என்ன வேலை தெரியுமா? தீயணைப்பு வீரர் வேலை! கால்பந்து ஆட யாரும் சம்பளம் வாங்கக் கூடாது என்பது அந்தக் கால ஸ்வீடன் சட்டம். பிழைப்புக்கு ஒரு வேலை, ஆசைக்குக் கால்பந்து. அதனால் ஆட்டக்காரர்களில் ஆலைத் தொழிலாளி, குமாஸ்தா, தீயணைப்பு வீரர் என்று எல்லோரும் இருந்தார்கள்.

ஆள் நல்ல ஆஜானுபாகு. 90 கிலோவுக்கு மேல் எடை. அவ்வளவு பெரிய உடம்போடு அவர் வேகமாக ஓடி வந்தால் தடுப்பாட்டக்காரர்கள் திணறிப் போவார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தாலும் அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டே கோலை நோக்கிப் போவாராம். 1944 நவம்பரில் லான்ட்ஸ்க்ரூனா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 கோல்கள் அடித்தார். நோர்ஷோப்பிங்குக்காக 95 லீக் ஆட்டங்களில் 93 கோல்கள். 1945 முதல் 1948 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த அணியே ஸ்வீடன் சாம்பியன். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஹங்கேரி நாட்டின் லாயோஷ் செய்ஸ்லர். இவர் மறுபடியும் வருவார்.

இப்போது ஒலிம்பிக்குக்கு வருவோம். ஸ்வீடன் அணியின் பயிற்சியாளர் ஜார்ஜ் ரெய்னர் என்ற ஆங்கிலேயர். நோர்டால் சகோதரர்களில் பெர்ட்டில், க்னூட், குன்னர் ஆகிய மூவர் அணியில் இருந்தனர். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 3-0 என்றும், அடுத்ததில் தென் கொரியாவை 12-0 என்றும் வென்றார்கள்.

அரையிறுதியில் எதிரே டென்மார்க். கால்பந்தில் ஆஃப்சைடு என்று ஒரு விதி உண்டு. சக வீரர் பந்தை அனுப்பும் நேரத்தில், எதிரணித் தடுப்பாட்டக்காரர்களையெல்லாம் தாண்டி கோலுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே போய் நின்று ஆட்டத்தில் பங்கெடுக்கக் கூடாது. நோர்டால் அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். பந்தோ மறுபடியும் கோலை நோக்கி வந்துகொண்டிருந்தது. திரும்பி ஓட நேரமில்லை. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு யோசனை. மைதானத்தில் இருந்தால்தானே தப்பு? கோல் கோட்டைத் தாண்டி வலைக்குள் குதித்துவிட்டார்! சக வீரர் ஹென்றி கார்ல்சன் பந்தைத் தலையால் முட்ட, அது நேராக வலைக்குள் நின்ற நோர்டாலின் கைகளில் போய் விழுந்தது. கோல் செல்லும் என்று நடுவர் அறிவித்தார். ஸ்வீடன் 4-2 என வென்றது.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 13 அன்று வெம்பிளி மைதானத்தில் நடந்தது. இங்கே நம் நாட்டுச் செய்தி ஒன்று. அதே மைதானத்தில் அதற்கு முந்தைய நாள்தான் இந்திய ஹாக்கி அணி பிரிட்டன் அணியை 4-0 என்று வென்று, சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. மறுநாள் கால்பந்தில் யூகோஸ்லாவியாவை 3-1 என வென்று ஸ்வீடன் தங்கம் பெற்றது. குன்னர் கிரென் இரண்டு கோல், நோர்டால் ஒரு கோல். போட்டி முழுவதிலும் நோர்டால் அடித்தவை 7.

தங்கப் பதக்கத்தோடு ஊர் திரும்பியவரைத் தேடி இத்தாலியிலிருந்து ஆள் வந்தார்கள். மிலான் நகரத்து அணி நல்ல சம்பளம் தரத் தயாராக இருந்தது. போனால் கால்பந்தையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சம்பளம் வாங்கி ஆடுபவருக்கு ஸ்வீடன் தேசிய அணியில் இடமில்லை என்பது விதி. அதுவரை நாட்டுக்காக 33 ஆட்டங்களில் 43 கோல்கள் அடித்தவர் அவர். வயது 27தான். இனி அந்த மஞ்சள் சட்டையைப் போடவே முடியாது. தீயணைப்பு வேலையில் இருந்துகொண்டு நாட்டுக்கு ஆடுவதா, குடும்பத்துக்காகச் சம்பாதிப்பதா? நோர்டால் மிலானைத் தேர்ந்தெடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதிதான் கொஞ்சம் கடுமையானது.

1949 ஜனவரியில் மிலான் போய்ச் சேர்ந்தார். மீதியிருந்த அரை சீசனில் மட்டும் 15 ஆட்டங்களில் 16 கோல்கள். அவருடைய பழைய வேலையை வைத்து இத்தாலியர்கள் அவருக்குத் தீயணைப்புக்காரர் என்றே செல்லப்பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு பழைய பயிற்சியாளர் செய்ஸ்லரும், ஒலிம்பிக் தோழர்கள் குன்னர் கிரெனும் நில்ஸ் லீட்ஹோல்மும் மிலானுக்கு வந்தார்கள். கிரென், நோர்டால், லீட்ஹோல்ம் ஆகிய மூவரின் பெயரிலிருந்தும் முதல் எழுத்துகளை எடுத்து கிரே-நோ-லி என்று ரசிகர்கள் அழைத்தார்கள். கிரென் மூளை, லீட்ஹோல்ம் நிதானம், நோர்டால் பலம்.

1949-50 சீசனில் நோர்டால் மட்டும் 35 கோல்கள் அடித்தார். யுவென்டஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 7-1 என்று மிலான் தோற்கடித்தது. அதில் மூன்று கோல்கள் இவருடையவை. ஆனாலும் அந்த ஆண்டு பட்டம் யுவென்டசுக்கே போனது. அடுத்த ஆண்டு, 1951இல், மிலான் சாம்பியன் ஆனது. 44 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பட்டம்! 1955இலும் ஒரு பட்டம். இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை ஐந்து சீசன்களில் அவருக்குக் கிடைத்தது.

இதற்கிடையே 1950இல் பிரேசிலில் உலகக் கோப்பை. போருக்குப் பிறகு வந்த முதல் உலகக் கோப்பை அது. ஸ்வீடன் இருந்த பிரிவில் இத்தாலி, பராகுவே, இந்தியா ஆகிய நாடுகள் இருந்தன. இந்தியா கடைசியில் போகவில்லை. சாவோ பாலோ நகரில் ஸ்வீடன், நடப்பு உலக சாம்பியனான இத்தாலியை 3-2 என வென்றது! அந்த ஆண்டு இத்தாலியிலேயே அதிக கோல் அடித்த ஸ்வீடன்காரர் மட்டும் அந்த ஆட்டத்தில் இல்லை. கிரெனும் லீட்ஹோல்மும்கூட இல்லை. அவர்கள் இல்லாமலே ஸ்வீடன் மூன்றாம் இடம் பிடித்தது. அவர்களும் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை ஸ்வீடன் ரசிகர்கள் ரொம்ப காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிலானுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 268 ஆட்டங்களில் 221 கோல்கள் அடித்த பிறகு, 1956இல் ரோமா அணிக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆடினார்.

1958 உலகக் கோப்பையை ஸ்வீடனே நடத்தியது. அதற்குள் விதி தளர்ந்துவிட்டது. வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆடியவர்களும் தேசிய அணிக்கு வரலாம் என்றார்கள். 37 வயது கிரென் வந்தார். 35 வயது லீட்ஹோல்ம் அணித்தலைவராகவே வந்தார். இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்தவரும் அவர்தான். அதன் பிறகு பீலே என்ற 17 வயதுச் சிறுவனின் அணி 5-2 என வென்றது வேறு கதை. கிரே-நோ-லியில் நடுவில் இருந்தவருக்கு மட்டும் அணியில் இடமில்லை. அப்போது நோர்டாலுக்கு வயது 36. போரால் இரண்டு, விதியால் இரண்டு, வயதால் ஒன்று என ஐந்து உலகக் கோப்பைகள் அவருக்குக் கைநழுவிப் போயின.

பிறகு தாய்நாடு திரும்பி, தம் பழைய நோர்ஷோப்பிங் உள்ளிட்ட அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய மகன் தாமஸ் நோர்டாலும் கால்பந்து வீரரானார். அப்பாவுக்குக் கிடைக்காத உலகக் கோப்பை வாய்ப்பு, 1970இல் மெக்சிகோவில் மகனுக்குக் கிடைத்தது.

1995 செப்டம்பர் 15 அன்று, இத்தாலியின் சார்டினியா தீவில் குன்னர் நோர்டால் காலமானார். அவருடைய 35 கோல் சாதனையை 2016இல்தான் நாப்போலி அணியின் கொன்சாலோ இகுவைன் 36 கோல்கள் அடித்து முறியடித்தார். 66 ஆண்டுகள் நின்ற சாதனை அது. மிலானுக்காக அடித்த 221 கோல்களை இன்னும் யாரும் தாண்டவில்லை.