நோட்டைப் பார்த்து எழுதிய கடுப்பில் பிறந்த கம்பைலர்: யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

ஆபீஸில் ஒரே வேலையைப் பத்தாவது தடவை செய்யும்போது, 'இதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டா என்ன?' என்று தோன்றும் இல்லையா? 1950-களின் தொடக்கத்திலேயே அப்படி யோசித்து, செய்தும் காட்டியவர் கிரேஸ் ஹாப்பர்.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, எப்படி ஓடுகிறது என்று பார்க்க வீட்டில் இருந்த ஏழு அலாரம் கடிகாரங்களைக் கழற்றிவிட்டார். 'இனி ஒன்றோடு நிறுத்திக்கொள்' என்று அம்மா சொல்லிவிட்டாராம். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம், வாசர் கல்லூரியில் ஆசிரியர் பணி. போர்க்காலத்தில், 1943-ல் அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். அனுப்பி வைக்கப்பட்டதோ ஹார்வர்டுக்கு, மார்க் 1 கணினியிடம்!

தொல்லை அங்கேதான் ஆரம்பம். அடிக்கடி தேவைப்படும் துண்டு நிரல்களை நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வேண்டும்போது ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். நம்ம காபி-பேஸ்ட்தான், ஆனால் கையால்! 1949-ல் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் யூனிவாக் கணினிக்கு மாறிய பிறகும் இதே கதை. துண்டை எடுத்தால், அதில் உள்ள முகவரி எண்களையெல்லாம் புது இடத்துக்கு ஏற்பக் கூட்டி மாற்ற வேண்டும். ஒரு எண் தப்பினாலும் எல்லாம் காலி.

கூட்டவும் காபி எடுக்கவும்தானே கணினி இருக்கிறது, மனிதர் ஏன் மெனக்கெட வேண்டும் என்று யோசித்தார் ஹாப்பர். துண்டுகளை டேப்பில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்களை வரிசையாகக் கொடுத்தால் போதும். தேடுவது, முகவரி மாற்றுவது, கோப்பது எல்லாம் கணினியின் வேலை. 1952-ல் வந்த அந்த ஏ-0-வுக்கு 'கம்பைலர்' என்று பெயர் வைத்தார். இன்றைய கணக்கில் அது லிங்கர் ரகம்தான், ஆனால் தொடக்கம் அது.

யாரும் நம்பவில்லை. கணினி கணக்குதான் போடும், நிரல் எழுதாது என்றார்கள். அவர் விடவில்லை. அடுத்து ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதும் ஃப்ளோ-மேட்டிக் வந்தது. 1959-ல் ஒரு குழு உருவாக்கத் தொடங்கிய கோபால் (ஆள் பெயர் இல்லை, கணினி மொழி!) அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது.

கணினிக்குள் 'பக்'கைப் பிடித்தவர் என்றும் இவரைச் சொல்வார்கள். 1947-ல் மார்க் 2-வில் விட்டில்பூச்சியைக் கண்டுபிடித்தது இவர் இல்லை. கதையை ஊரெல்லாம் பரப்பியவர் இவர்.

1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாகக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றார். அப்புறமும் வீட்டில் உட்காரவில்லை. டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1 அன்று இறக்கும்வரை அந்த வேலையில் இருந்தார்.