சட்டையில தொங்குற சின்ன பேட்ஜும் மேரி கியூரியின் கதையும்!

ஒடுகத்தூர் பக்கம் யாராவது கீழே விழுந்து கையை உடைச்சுக்கிட்டா, அடுத்து என்ன? எக்ஸ்ரே. ஜவ்வாது மலை மேல பீஞ்சமந்தையிலிருந்து இறங்கி வர்றவங்களுக்கும் அதேதான். ஸ்கேன், சி.டி-ன்னு எழுதிக் கொடுத்தா வேலூருக்கு பஸ் ஏறணும். அங்கே எக்ஸ்ரே அறையில் நிற்கும் டெக்னீஷியனைக் கவனிச்சிருக்கீங்களா? சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒரு சின்ன பேட்ஜ் மாட்டியிருப்பார். பட்டனை அழுத்தும் முன் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். இந்த இரண்டு பழக்கமும் மருத்துவ உலகத்துக்குச் சும்மா வரவில்லை. பலர் உடம்பைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. அவர்களில் உலகமே அறிந்த பெயர், மேரி கியூரி.

வார்சா பொண்ணு

1867 நவம்பர் 7-ல் போலந்தின் வார்சாவில் பிறந்தார் மரியா. பத்து வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அங்கே அப்போது பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அக்கா பிரோன்யாவும் மரியாவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அக்கா பாரிஸில் மருத்துவம் படிக்கட்டும், தங்கை வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் அனுப்பட்டும், பிறகு அக்கா தங்கையைப் படிக்க வைக்கட்டும். சொன்ன மாதிரியே நடந்தது. 1891-ல் பாரிஸுக்கு ரயில் ஏறினார் மரியா. 1895-ல் பியர் கியூரியைக் கைப்பிடித்தார்.

அதே 1895-ல்தான் ஜெர்மனியில் ரான்ட்ஜென் எக்ஸ்ரேவைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் பெக்கரல், யுரேனியம் உப்பிலிருந்து தானாகவே ஏதோ ஒரு கதிர் வந்து போட்டோ தகட்டைக் கறுப்பாக்குவதைப் பார்த்தார். அது என்னன்னு தோண்ட ஆரம்பித்தவர்தான் மேரி. 1898-ல் பொலோனியம், அதே வருட முடிவில் ரேடியம். மழை ஒழுகும் ஒரு கொட்டகையில், டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி, 1902-ல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார். 1903-ல் இயற்பியல் நோபல், 1911-ல் வேதியியல் நோபல். நடுவில் 1906-ல் பியர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாளாக நின்றார் மேரி.

அழகான ஆபத்து

இருட்டில் மினுக்கும் ரேடியம் குழாய்களைப் பார்ப்பது இருவருக்கும் பிடிக்கும். மேரி அவற்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டும் நடந்திருக்கிறார். விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்தது. பியர் தன் கையிலேயே ரேடியத்தைக் கட்டிப் பார்த்து, புண் வந்ததைக் குறித்து வைத்தார். இப்படிப்பட்ட புண்களிலிருந்துதான் புற்றுநோய்க்கு ரேடியத்தால் சிகிச்சை தரலாம் என்ற யோசனை வளர்ந்தது. ஆனால் புண் ஆறினாலும் உடம்புக்குள் கணக்கு ஏறிக்கொண்டே போகும் என்று அன்றைக்கு யாரும் அளந்து பார்க்கவில்லை.

போர்முனைக்கு எக்ஸ்ரே வேன்

1914-ல் முதல் உலகப் போர். குண்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே டாக்டர்கள் கத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளி மெஷினைத் தேடி வர முடியாதென்றால் மெஷின் அவரிடம் போகட்டும் என்று முடிவு செய்தார் மேரி. வண்டியில் எக்ஸ்ரே கருவி, அதற்கு மின்சாரம் தர எஞ்சினில் ஓடும் டைனமோ. இப்படிச் சுமார் 20 வண்டிகள், மருத்துவமனைகளில் சுமார் 200 எக்ஸ்ரே அறைகள். தானே வண்டி ஓட்டக் கற்றார். 17 வயது மகள் ஐரீனையும் கூட்டிப்போனார். சுமார் 150 பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சி கொடுத்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு இதனால் படம் எடுக்கப்பட்டது.

இன்றைக்கு நம்ம ஊர்களுக்குக் காசநோய் முகாமுக்கு எக்ஸ்ரே வேன் வருதே, அதன் பாட்டி இதுதான். ஒரே வித்தியாசம், அந்த வண்டிகளில் பாதுகாப்பு ரொம்பக் குறைவு. யார் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்ற அளவும் கிடையாது.

பில் வந்தது

1920-களில் கண்ணில் புரை. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். தன் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வைத்த மேரி, தன்னை மட்டும் அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை. 1934 ஜூலை 4-ல் 66 வயதில் இறந்தார். புது ரத்த அணுக்கள் உருவாவதே நின்றுபோகும் ரத்தசோகை. அதே 1934-ல்தான் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. 1956-ல் மகள் ஐரீனும் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

1995-ல் மேரியின் உடலை பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றத் தோண்டியபோது, சவப்பெட்டியில் ரேடியத்தின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அவரை வீழ்த்தியது ரேடியத்தைவிட, போர்க்கால எக்ஸ்ரேவாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினார்கள். அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்களோ இன்னும் ஈயம் பூட்டிய பெட்டிகளில் இருக்கின்றன. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும்!

இப்போ அந்த பேட்ஜ்

டெக்னீஷியன் மாட்டியிருப்பது டி.எல்.டி பேட்ஜ். உள்ளே மூன்று சின்ன வில்லைகள். பட்ட கதிரை அவை சேமித்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் சூடாக்கினால், சேமித்த அளவுக்கு ஏற்ப ஒளி விடும். அதை வைத்துக் கணக்கு எழுதுவார்கள். இந்தியாவில் 1983-ல் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர் வேலை செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜ் கதிரைத் தடுக்காது, அளக்க மட்டுமே செய்யும். தடுப்பதற்கு ஈய ஏப்ரன், சுவர், தூரம்.

நோயாளியான நமக்கு? ஒரு நெஞ்சு எக்ஸ்ரேவின் அளவு மிகச் சின்னது, சில நாட்கள் இயற்கையிலேயே நம் மேல் படும் கதிர் அளவுதான். பயந்து தள்ளிப்போட வேண்டாம். சி.டி ஸ்கேன் அதைவிடப் பல மடங்கு. அதனால் பழைய படங்களைப் பத்திரமா வெச்சு டாக்டரிடம் காட்டுங்க, ஒரே ஸ்கேனை ரெண்டு முறை எடுக்க வேண்டி வராது. கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று தோன்றினாலும், முதலிலேயே சொல்லிடுங்க. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ ரெண்டிலும் இந்தக் கதிர் கிடையாது.

உங்க ஃப்ரெண்ட் யாராவது ரேடியாலஜி படிச்சுட்டு எக்ஸ்ரே வேலைக்குப் போறாங்களா? பேட்ஜை வீட்டு ஆணியில மாட்டிட்டுப் போகாம, தினமும் போட்டுக்கச் சொல்லுங்க. மேரி கியூரிக்கு அப்படி ஒண்ணு கிடைக்கவே இல்லை.