சொந்தப் பணத்தில் பாலம் கட்டிய சிரஸ்தார்

தாமிரபரணியின் ஒரு கரையில் திருநெல்வேலி. மறு கரையில் பாளையங்கோட்டை. 1840-ல் இரண்டுக்கும் இடையே பாலம் கிடையாது.  எல்லாருக்கும் ஓடம்தான் கதி. வெள்ளம் வந்தால் அதுவும் ஆபத்து.

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்து வைத்தவர் சுலோசன முதலியார். அவர் ராஜா அல்ல, ஜமீன்தாரும் அல்ல. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் வேலை பார்த்தவர். தூத்துக்குடியும் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததுதான்.

பாலம் கட்டக் கலெக்டர் தாம்சன் முனைந்தார். செலவு சுமார் 50 ஆயிரம் ரூபாய்! அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். முழுச் செலவையும் முதலியார் தாமே ஏற்றுக்கொண்டார். அவருடைய மனைவி தம் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

பாலத்துக்கு 11 வளைவுகள். ஒவ்வொன்றும் 60 அடி அகலம். பாலத்தின் நீளம் 760 அடி. 1843 நவம்பரில் திறப்பு விழா நடந்தது.

ஆறு சும்மா இருக்கவில்லை. 1869-ல் வந்த வெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. 1871-ல் அதைத் திரும்பக் கட்டினார்கள். வண்டிகள் பெருகவே, 1960-களில் பாலத்தை அகலப்படுத்தும் வேலை நடந்தது. 2023 டிசம்பரில் கரை புரண்ட பெருவெள்ளத்தையும் பாலம் தாங்கி நின்றது.

கட்டிக் கொடுத்தவர் ஒருவர். இடிந்தபோது எடுத்துக் கட்டிக் காத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். ஊர் நன்றி மறக்கவில்லை. சுலோசன முதலியார் பாலம் என்பதே இன்றும் அதன் பெயர்.