ஐசக் மர்பி: நேர்மை தவறாத குதிரைச் சவாரி வீரர்

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் முகஞ்சுளிப்போர் பலர். சூதாட்டமும், அதனால் விளையும் கடனும், கடனால் அழியும் குடும்பங்களும் அவர்களுடைய மனக்கண் முன் வந்து நிற்பதே அதற்குக் காரணம். அவ்வெறுப்பு நியாயமற்றதென்று கூறுவதற்கில்லை. எனினும் சேற்றிலே செந்தாமரை மலர்வதுபோல, பேராசையும் வஞ்சனையும் மலிந்த அம்மைதானத்திலேயே ஒருவர் இருபது ஆண்டுக்காலம் கை கறைபடாமல் வாழ்ந்தார். அவரே அமெரிக்க நாட்டின் கறுப்பினச் சவாரி வீரராகிய ஐசக் மர்பி. அவரை வானளாவப் புகழ்ந்த ஜனத்திரள் ஒரே ஒரு மாலைப்பொழுதில் அவர்மீது பழி சுமத்தவும் தயங்கவில்லை. ஆதலின் அவருடைய சரித்திரம் விளையாடுவோருக்கு மட்டுமன்றி, மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆரவாரிக்கும் நம்போன்றோருக்கும் உரியதாகின்றது.

மர்பி 1861ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கென்டக்கி மாகாணத்தில் பிறந்தார். அக்காலத்தில் அம்மாகாணத்தில் அடிமை முறை நிலவி வந்தது. அவருடைய பெற்றோரும் அம்முறைக்கு உட்பட்டவர்களே. அவர் பிறந்த அதே ஆண்டில் வடபாகத்தாருக்கும் தென்பாகத்தாருக்குமிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. தந்தையார் வடபாகத்தாரின் படையிற் சேர்ந்தார், வீடு திரும்பவில்லை. 1865ஆம் ஆண்டின் இறுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது, ஐசக் தந்தையற்ற சிறுவனாக நின்றான். தாயார் லெக்ஸிங்டன் நகரில் பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்து மகனை வளர்த்தார். குழந்தைக்குத் தந்தைவழி வந்த பெயர் பர்ன்ஸ் என்பது. பிற்காலத்தில் தம் தாயைப் பெற்ற பாட்டனாரின் பெயராகிய மர்பி என்பதையே அவர் தரித்துக்கொண்டார். உலகம் அறிந்ததும் அப்பெயரையே.

லெக்ஸிங்டனைச் சூழ்ந்த நிலப்பகுதி பசும்புல்லுக்கும் உயர்ஜாதிக் குதிரைகளுக்கும் பேர்போனது. குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, பழக்கி, பந்தயத்தில் ஓட்டும் வேலைகள் யாவும் அங்குப் பெரும்பாலும் கறுப்பின மக்களின் கையிலேயே இருந்தன. அடிமைக் காலத்தில் கட்டாயத்தின் பேரில் கற்ற அவ்வித்தை, விடுதலைக்குப்பின் அவர்களுக்குப் பிழைப்பும் பெருமையும் ஆயிற்று. 1875ஆம் ஆண்டில் லூயிவில் நகரில் கென்டக்கி டெர்பி என்னும் பெரும்பந்தயம் முதன்முதலாக நடைபெற்றபோது, பங்குகொண்ட பதினைந்து சவாரிக்காரருள் பதின்மூவர் கறுப்பினத்தவர். வென்றவரும் அவர்களுள் ஒருவராகிய ஆலிவர் லூயிஸ் என்பவரே.

அதே ஆண்டில்தான், பதினான்கு வயதுச் சிறுவனாகிய ஐசக்கும் முதன்முறையாகப் பந்தயக் குதிரைமீது ஏறினான். தாயார் வேலை செய்துவந்த இடத்தின் தொடர்பினால் ஒரு லாயத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. ஈலை ஜார்டன் என்ற அனுபவமிக்க கறுப்பினப் பயிற்சியாளர் அவனுக்கு ஆசானாக அமைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், லெக்ஸிங்டன் மைதானத்தில், கிளென்டினா என்ற பெண்குதிரையின்மீது அவன் தன் முதல் வெற்றியைப் பெற்றான்.

மர்பியின் சவாரி முறை தனிச் சிறப்புடையது. பந்தயம் முடியுந் தறுவாயில் குதிரையைச் சாட்டையால் விளாசி விரட்டுவதே அக்காலத்துச் சவாரிக்காரர் பலருடைய வழக்கம். மர்பியோ சாட்டையை அரிதாகவே எடுப்பார். சேணத்தின்மேல் நிமிர்ந்து அமைதியாக அமர்ந்து, கடிவாளத்தைப் பற்றிய விரல்களின் அசைவினாலேயே குதிரையோடு உறவாடுவார். ஓட்டத்தின் வேகத்தை மனத்தினாலேயே அளந்தறியும் ஆற்றல் அவருக்கு இருந்தது. குதிரையின் பலத்தை வீணே செலவிடாமல் சேமித்து வைத்து, வெற்றிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையே கடைசியிற் கேட்பார். இதனால் அவருடைய வெற்றிகள் பல மயிரிழை வித்தியாசத்தில் கிட்டியவையாக இருந்தன. பணம் கட்டியோர் நெஞ்சு படபடக்க நிற்பர். மர்பியின் முகத்திலோ யாதொரு சலனமும் காணப்படாது.

ஆயினும், திறமையைக் காட்டிலும் நேர்மையே அவருக்கு நிலையான புகழைத் தந்தது. பந்தய உலகில் ஒரு சவாரிக்காரனைக் கெடுப்பது எளிது. குதிரையை வெல்லச் செய்வதற்கு மிகுந்த திறமை வேண்டும். தோற்கச் செய்வதற்கோ கடிவாளத்தைச் சிறிது இழுத்துப்பிடித்தாலே போதும். ஆயிரம் கண்கள் பார்த்திருந்தும் அதைக் கண்டுபிடிப்பது அரிது. ஆகையால் பணம் கட்டும் பெருங்கூட்டத்தார் சவாரிக்காரரை விலைக்கு வாங்க ஓயாமல் முயல்வர். 1879ஆம் ஆண்டில் மர்பிக்கு வயது பதினெட்டு. அவ்வாண்டு சாரடோகா நகரில் நடைபெற்ற கென்னர் பந்தயத்தில் ஃபால்செட்டோ என்ற குதிரையை அவர் ஓட்டவிருந்தார். ஸ்பெண்ட்திரிஃப்ட் என்ற புகழ்பெற்ற எதிர்க்குதிரையை நம்பிப் பணம் கட்டியவர்கள் அவரை அணுகி ஆசை காட்டினர். அடிமைகளுக்குப் பிறந்து, துணி வெளுப்பவளால் வளர்க்கப்பட்ட இளைஞன் அப்பணத்தை வேண்டாமென்று ஒதுக்கினான், பந்தயத்திலும் வென்றான். அன்று தொடங்கி, மர்பி ஓட்டும் குதிரை தன் முழு ஆற்றலுடன் ஓடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லாமற் போயிற்று.

அதன்பின் கீர்த்தி அவரைத் தேடி வந்தது. 1884ஆம் ஆண்டில் புக்கானன் என்ற குதிரையின்மீது கென்டக்கி டெர்பியை முதன்முறையாக வென்றார். அதே ஆண்டில் சிக்காகோ நகரில் தொடங்கப்பெற்ற அமெரிக்கன் டெர்பியையும் வென்றார். 1885, 1886, 1888 ஆகிய ஆண்டுகளிலும் அப்பந்தயத்தின் வெற்றி அவருக்கே வாய்த்தது. செல்வர்கள் அவருடைய சேவையைப் பெறப் போட்டியிட்டனர். அவருடைய ஆண்டு ஊதியம் 10,000 டாலருக்கும் மேற்பட்டதாகச் சொல்லப்பட்டது. லெக்ஸிங்டனில் தம் மனைவி லூசியுடன் அழகிய மாளிகையில் வாழ்ந்தார். தாமே குதிரைகளை வாங்கி வளர்க்கவும் செய்தார். இத்தனை சிறப்புக்கள் எய்தியும் பணிவும் இன்சொல்லும் அவரை விட்டு நீங்கவில்லை.

1890ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் உச்சியும் சரிவுமாக அமைந்தது. மே மாதத்தில் ரைலி என்ற குதிரையின்மீது கென்டக்கி டெர்பியை இரண்டாம் முறை வென்றார். ஜூன் மாதத்தில் நியூயார்க்கை அடுத்த ஷீப்ஸ்ஹெட் பே மைதானத்தில், ஸால்வேட்டர் என்ற குதிரையின்மீது சபர்பன் பந்தயத்தை வென்றார். அதில் தோல்வியுற்ற டென்னி என்ற குதிரையின் உடைமையாளர் அம்முடிவை ஏற்க மனமின்றி, இரண்டு குதிரைகளும் தனித்து மோதவேண்டுமென்று அறைகூவினார். அவ்வண்ணமே ஜூன் 25ஆம் தேதி அவ்விருவர் பந்தயம் நிகழ்ந்தது. தூரம் ஒன்றேகால் மைல். டென்னியின்மேல் அமர்ந்தவர் காரிஸன் என்ற வெள்ளையர். கடைசி நிமிஷத்தில் பாய்ந்து வந்து வெல்வதில் நிகரற்றவர். இதனால் நாடு முழுவதும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இரு குதிரைகளின் போட்டியாயிருந்தது, சிலருடைய உள்ளத்தில் இரு நிறத்தாரின் போட்டியாகவே உருமாறிற்று.

தொடக்கத்திலேயே மர்பி ஸால்வேட்டரை முன்னே விட்டார். பாதித் தூரத்திற்குமேல் அது தெளிவாக முந்திச் சென்றது. இறுதி நேர்ப்பாதையில் காரிஸன் தம் வழக்கப்படி டென்னியை விரட்டிக்கொண்டு வந்தார். அடிக்கு அடி இடைவெளி குறைந்தது. ஜனங்களின் கூச்சல் விண்ணைப் பிளந்தது. மர்பி கலங்கவில்லை. தம் குதிரையிடம் எஞ்சியுள்ள பலம் இவ்வளவென்றும், எல்லைக் கம்பத்திற்குள்ள தூரம் இவ்வளவென்றும் அவர் அறிந்திருந்தார். தலையளவுகூட இல்லாத வித்தியாசத்தில் ஸால்வேட்டர் வென்றது. அதற்கான காலம் 2 நிமிஷம் 5 விநாடி. அத்தூரத்திற்கு அமெரிக்காவில் அதுவரை காணாத வேகம் அது. கவிஞர் பாட, பத்திரிகைகள் புகழ, மர்பியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பர். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழித்து, ஆகஸ்டு 26ஆம் தேதி, நியூ ஜெர்ஸியிலுள்ள மான்மத் பார்க் மைதானத்தில் அவர் ஃபிரென்ஸீ என்ற சிறந்த பெண்குதிரையை ஓட்டினார். எல்லாரும் வெற்றியை எதிர்பார்த்த அக்குதிரை கடைசியாக வந்தது. சேணத்தின்மேல் மர்பி தள்ளாடினார். ஓட்டம் முடிந்ததும் குதிரையினின்று கீழே விழுந்தார். பணத்தை இழந்தோர் கொதித்தெழுந்தனர். அவர் மதுவருந்தி மயங்கினார் என்ற சொல் கூட்டத்தினின்று பத்திரிகைக்கும், பத்திரிகையினின்று நாடு முழுமைக்கும் பரவிற்று. மைதானத்தின் அதிகாரிகள் அவரைச் சவாரியினின்று விலக்கி வைத்தனர்.

அவருடைய நிலையை அறிந்தோர் வேறு காரணங்களையும் எண்ணிப் பார்த்தனர். பகைவர் எவரேனும் பானத்தில் நஞ்சைக் கலந்திருக்கலாம் என்று ஐயுற்றவர் உளர். எது உண்மையென்பது எக்காலத்தும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஒன்றைமட்டும் அனைவரும் அறிவர். பனிக்காலத்தில் ஓய்ந்திருக்கும்போது மர்பியின் உடல் 130 ராத்தலுக்குமேல் பெருகும். பந்தயக் காலம் வந்ததும் அதை ஏறக்குறைய 110 ராத்தலுக்குக் குறைத்தாகவேண்டும். அதற்காக அவர் பட்டினி கிடந்தார்; வியர்வை சிந்த நெடுந்தூரம் நடந்தார். ஆண்டுதோறும் இவ்வாறு உடலை வாட்டியதனால் அவருடைய வலிமை உள்ளூரக் குன்றிக்கொண்டே வந்தது. மைதானத்தில் ஆரவாரித்தவருள், தங்களுடைய ஒரு மாலைநேர இன்பத்திற்காக ஒரு மனிதர் தம்மையே உருக்கி வருவதைச் சிந்தித்தவர் எத்தனை பேர்?

பதினைந்து ஆண்டுகள் சேர்த்த நற்பெயர் சில நிமிஷங்களில் கேள்விக்குரியதாயிற்று. நேற்றுவரை அவருடைய நேர்மையை நம்பிப் பணம் கட்டியவர்கள், அந்நேர்மையே அவருக்குச் சாட்சி கூறும் என்பதை மறந்தனர். இங்கேதான் இரசிகருடைய பற்றின் இயல்பு வெளியாகின்றது. அது வெற்றியின்மேல் வைத்த பற்றானால் தோல்வியோடு மாயும். வீரனுடைய குணத்தின்மேல் வைத்த பற்றானால் தோல்வியிலும் அவனைத் தாங்கும்.

மர்பி எவரோடும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1891 மே மாதத்தில், மீண்டும் கென்டக்கி டெர்பியிற் கலந்துகொண்டார். அவர் ஏறிய குதிரை கிங்மன். அதன் உடைமையாளருள் ஒருவரும் அதைப் பழக்கியவருமாகிய டட்லி ஆலன் கறுப்பினத்தவர். அன்று சவாரிக்காரர் அனைவரும் தத்தம் குதிரையை அடக்கிப் பிடித்துக்கொண்டே வந்ததனால், அப்பந்தயம் மிக மெதுவானதென்று பெயர் பெற்றது. இறுதியில் கிங்மனே வென்றது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் டெர்பியை வென்ற முதல்வர் என்ற சிறப்பும், மும்முறை வென்ற முதல்வர் என்ற சிறப்பும் மர்பிக்கு உரியவாயின. மும்முறை வெற்றியை 1930ஆம் ஆண்டுவரை எவரும் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுவரை எவரும் விஞ்சவில்லை.

எனினும் பழைய வாய்ப்புக்கள் மெல்லக் குறைந்தன. உடலும் தளர்ந்தது. 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, நுரையீரல் சுரத்தினால், முப்பத்தைந்தாம் வயதில் லெக்ஸிங்டனிலேயே உயிர் நீத்தார். குளிர்மிகுந்த நாளிலும் நூற்றுக்கணக்கானோர் அவருடைய இறுதி ஊர்வலத்திற் பின்சென்றனர்.

அவருக்குப்பின் அவருடைய இனத்தவர்க்கு மைதானத்தின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. முதல் இருபத்தெட்டு டெர்பிகளுள் பதினைந்தை வென்ற கறுப்பினச் சவாரிக்காரர், 1902ஆம் ஆண்டிற்குப்பின் ஒரு டெர்பியையேனும் வெல்ல இயலாதவராயினர். வெள்ளையச் சவாரிக்காரரின் கூட்டுப் பகையும், குதிரை உடைமையாளரின் கோழைத்தனமும், நிறவேற்றுமைச் சட்டங்களும் அவர்களைத் தொழிலினின்றே துரத்தின. மர்பியின் கல்லறையிலிருந்த மரப்பலகை மக்கிப்போயிற்று. பின்னர் அன்பர் சிலர் நட்ட கல்லிலும் பெயரில்லை. அவர் எங்கே உறங்குகிறார் என்பதையே ஊரார் மறந்தனர்.

ஆயினும் உண்மை முழுவதும் புதையுண்டு போகவில்லை. 1955ஆம் ஆண்டில் அமெரிக்கப் பந்தய வீரர்களின் கீர்த்தி மண்டபத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டது. பத்திரிகையாளர் ஒருவர் பல ஆண்டுகள் தேடி, புதர் மண்டிய இடுகாட்டில் அவருடைய கல்லறையைக் கண்டறிந்தார். 1967ஆம் ஆண்டில் அவருடைய எலும்புகள் தக்க மரியாதையுடன் எடுக்கப்பட்டு, மான் ஓ வார் என்ற மகத்தான குதிரையின் சமாதிக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டன. இன்று அவ்விரண்டும் லெக்ஸிங்டனை அடுத்த கென்டக்கி குதிரைப் பூங்காவில் உள்ளன.

மர்பி தாம் வைத்திருந்த கணக்கின்படி 1,412 பந்தயங்களில் 628 வெற்றிகள் பெற்றார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் 1,538 பந்தயங்களில் 530 வெற்றிகள் என்று கணக்கிடுகின்றனர். இரண்டில் எதைக் கொண்டாலும், மூன்று பந்தயத்தில் ஒன்றை வெல்பவராக அவர் விளங்கினார் என்பது தெளிவு.

மாணவ நண்பர்களே! நம்முள் மைதானத்தில் இறங்கி ஆடுவோர் சிலர். ஓரத்தில் நின்று பார்ப்போரே பலர். ஆடுவோருக்கு மர்பி கற்பிப்பது யாதெனில், யாரும் காணாத விரலசைவிலும் நேர்மை வேண்டும் என்பதே. பார்ப்போருக்கு அவருடைய வாழ்க்கை கற்பிப்பதோ அதனினும் கடினமானது. நம் கட்சி வெல்லும்போது கைகொட்டுவது எளிது. நம் வீரன் தவறி விழும்போது, காரணம் அறியுமுன் பழிகூறாமல் நாவை அடக்குவதே இரசிகனுடைய வீரம். மான்மத் பார்க்கில் அன்று கூடியிருந்தோரிடம் இல்லாத அவ்வீரம், அடுத்த முறை நம் கல்லூரி அணி தோற்றுத் திரும்பும்போது நம்மிடம் காணப்படுமாக.