நிழலிலிருந்து உருவை மீட்டவர்: ஜி. என். இராமச்சந்திரனும் முகத்தாடைப் படங்களும்

விபத்தில் முகம் அடிபட்டவருக்கும், தாடையில் வீக்கம் கண்டவருக்கும், வாய்ப்புற்றுநோய் உள்ளவருக்கும் இன்று சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி முதலிய ஊர்களிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்கும் இப்பரிசோதனை புதியதன்று. அந்தப் படத்தை உருவாக்கும் கணக்கின் முதன்மையான ஒரு பகுதி, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றிய ஓர் இயற்பியல் அறிஞரின் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. அவர் ஜி. என். இராமச்சந்திரன். அவருடைய வாழ்வையும், வாய், தாடை, முகம் ஆகியவற்றின் நோய்களைக் கண்டறிவதில் அவர் பணியின் பயனையும் இப்பக்கம் விளக்குகிறது.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். கணக்கின் மீது மகனுக்கு உண்டான பற்று வீட்டிலேயே வேரூன்றியது. பிற்காலத்தில் மருத்துவத்திற்குப் பயன்பட்டதும் அந்தக் கணக்கறிவே.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் இருந்த சர் சி. வி. இராமன் அவருடைய திறனைக் கண்டு அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். வைரக்கற்களின் உள்ளே மறைந்துள்ள குறைகளை ஊடுகதிர் கொண்டு படமெடுத்தது அவருடைய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று. ஒரு பொருளை உடைக்காமல் அதன் உள்ளமைப்பை அறியும் வேட்கை அப்போதே அவரிடம் இருந்தது.

1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் படிகங்களில் ஊடுகதிர் சிதறுவதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பிப் பெங்களூரில் பணியேற்றார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில்

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவரான ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். புதிய இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவரை அவர் தேடியபோது, இராமன் தம் மாணவரின் பெயரைப் பரிந்துரைத்தார். 1952இல், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், இராமச்சந்திரன் அத்துறையின் பேராசிரியரும் தலைவரும் ஆனார்.

சென்னைக்கு வருகை தந்த ஆங்கிலேய அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவருக்கு எடுத்துரைத்தார். தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு, பல் ஆகிய அனைத்திலும் இப்புரதம் உள்ளது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதன் மூவிழை அமைப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடத்தைப் போல அமைந்துள்ளன என்று அதனைத் திருத்தி வகுத்தனர். அதன் நுணுக்கங்களைப் பற்றி மேலைநாட்டு அறிஞர்களோடு கருத்து வேறுபாடு எழுந்தது. ஆயினும் மூவிழை அமைப்பு என்னும் அடிப்படை நிலைபெற்றது.

வாய் மருத்துவத்திற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தாடை எலும்பிலும் பல்லின் தந்தினியிலும் சுண்ணாம்புச் சத்துப் படிவதற்குச் சட்டகமாக அமைவது கொலாஜனே. வைட்டமின் சி குறைந்தால் இந்த மூவிழை உறுதி பெறாது. ஈறு வீங்கிக் குருதி கசிவதற்கும் பல் ஆடுவதற்கும் அதுவே காரணம்.

1963இல், புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடிய இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டார். இராமச்சந்திரன் வரைபடம் என்று அது இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

நிழல் தரும் சிக்கல்

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களிலேயே, 1896 சனவரியில், வால்காஃப் என்னும் பல் மருத்துவர் தம் பற்களை ஊடுகதிர்ப் படம் எடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்நாள் தொட்டு இன்றுவரை பல் மருத்துவத்தில் ஊடுகதிர்ப் படம் இன்றியமையாததாக விளங்குகிறது.

எனினும் அப்படம் ஒரு நிழலே. கன்னம், ஒரு பக்கத் தாடை, நாக்கு, மறுபக்கத் தாடை, கழுத்தெலும்பு ஆகிய எல்லாவற்றையும் ஊடுருவும் கதிர் அவை அனைத்தையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கிறது. முகம் பல மெல்லிய எலும்புகளும் காற்றறைகளும் நெருங்கி அமைந்த இடமாதலால், இக்குழப்பம் அங்கே மிகுதி. மேலும், எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்த பின்பே சாதாரணப் படத்தில் அந்த அரிப்புத் தெளிவாகத் தெரியும்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைக் கிழக்கிலிருந்து மட்டும் நோக்குபவருக்கு மேலைக் கோபுரம் முன்னுள்ள கோபுரத்தின் பின்னே மறையும். நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வந்தவருக்கே எந்தக் கோபுரம் எங்கே நிற்கிறது என்பது விளங்கும். உடலையும் அவ்வாறே பல திசைகளிலிருந்து படமெடுத்தால் உள்ளிருப்பதை அறியலாம். இது இயலும் என்பதை ராடான் என்னும் கணித அறிஞர் 1917இலேயே நிறுவியிருந்தார். அதனை விரைவாகவும் துல்லியமாகவும் கணக்கிட்டு முடிப்பதே எஞ்சியிருந்த பணி.

1971ஆம் ஆண்டுப் பணி

இராமச்சந்திரன் சென்னையை விட்டு நீங்கி, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் ஆண்டின் ஒரு பகுதியைச் செலவிட்டார். மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்கும் முயற்சிகள் அப்போது நடைபெற்றுவந்தன. அவை ஃபூரியர் மாற்றம் என்னும் நீண்ட கணக்கைச் சார்ந்திருந்தன. இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் அதற்கு மாற்றான எளிய வழியை வெளியிட்டனர். நிழலிலிருந்து பொருளை மீட்டல் என்னும் பொருளுடைய தலைப்பில் இராமச்சந்திரன் இந்திய அறிவியல் கழகத்தின் இதழிலும் அதே ஆண்டு எழுதினார்.

ஒவ்வொரு திசையிலும் கிடைத்த நிழலை, அது வந்த வழியே திருப்பிப் பரப்பினால், எலும்பு இருந்த இடத்தில் நிழல்கள் ஒன்றுகூடி அடர்ந்து தோன்றும். ஆனால் எலும்பு இல்லாத இடங்களிலும் மங்கல் படரும். விளிம்புகள் கரைந்து தெரியும். ஆகவே பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் அவர்கள் திருத்தினர். ஒவ்வொரு புள்ளியின் அளவிலிருந்தும் அதன் அண்டைப் புள்ளிகளின் அளவில் குறிப்பிட்ட பங்குகள் கழிக்கப்படும். இவ்வாறு திருத்திய பின் பரப்பினால் தேவையற்ற மங்கல் நீங்கி விளிம்பு தெளிவாகும். பெருக்கலும் கூட்டலும் கழித்தலும் மட்டுமே தேவைப்படுவதால் கணினி அதனை விரைந்து செய்யும். இத்திருத்தத்திற்கான கணித வடிப்பான், இருவர் பெயரின் முற்பகுதிகளையும் இணைத்து, ராம்–லாக் என்று இன்றும் வழங்குகிறது.

அதே 1971 அக்டோபரில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய முதல் சி.டி. கருவியால் ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அக்கருவி வேறொரு கணக்கு முறையைக் கையாண்டது. பின்வந்த கருவிகளோ திருத்திப் பரப்பும் முறையையே பெரிதும் ஏற்றன. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றனர். இராமச்சந்திரனுக்கு அப்பரிசு கிட்டவில்லை.

பல் மருத்துவத்தில் இன்று பயன்படும் கூம்புக்கற்றை சி.டி. கருவி 1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படைக் கணக்கு 1984இல் ஃபெல்டுகாம்ப் குழுவினர் வகுத்தது. திருத்திப் பரப்பும் முறையை முப்பரிமாணத்திற்கு விரித்தமைத்ததே அது. புதிய கணக்கு முறைகள் பல வந்துள்ள போதிலும் அந்த அடித்தளம் மறையவில்லை.

நோயாளிக்குக் கிட்டும் பயன்

கீழ்த்தாடை ஈறை ஒட்டி வளரும் புற்றுநோயில் அறுவை மருத்துவர் முதலில் அறியவேண்டுவது, அது எலும்பினுள் புகுந்துவிட்டதா என்பதே. புகவில்லையெனில் எலும்பின் ஓரத்தை மட்டும் நீக்கித் தாடையின் தொடர்ச்சியைக் காக்க இயலும். ஆழமாகப் புகுந்திருப்பின் தாடையின் ஒரு பகுதியை முழுவதுமாக வெட்டியெடுத்து, காலெலும்பு போன்றவற்றால் ஈடுசெய்ய நேரும். நோயாளி மெல்லுவதும் பேசுவதும் முகத்தோற்றமும் இம்முடிவைப் பொறுத்தவை. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் இம்முடிவுக்குத் துணைபுரிகின்றன.

எந்தப் படம் எதற்கு என்பதைச் சுருக்கமாக அறிவது நலம்.

• வாயினுள் வைத்து எடுக்கும் சிறிய படம்: பற்களின் இடையே உள்ள சொத்தை, வேர்நுனிச் சீழ், பல்லைத் தாங்கும் எலும்பின் தேய்வு.

• ஓ.பி.ஜி. என்னும் முழுத்தாடைப் படம்: இரு தாடைகள், முளைக்காத பற்கள், நீர்க்கட்டிகள், தாடை முறிவு.

• கூம்புக்கற்றை சி.டி.: கடைவாய் ஞானப்பல்லின் வேருக்கும் நரம்புக் கால்வாய்க்கும் உள்ள நெருக்கம், கட்டியின் பரப்பு, பல் பதியம் வைக்கும் இடத்தின் எலும்பளவு.

• சி.டி. ஸ்கேன்: முக எலும்பு முறிவுகள், புற்றுநோயின் எலும்பரிப்பு, கழுத்து நெறிகட்டிகள், காற்றறை நோய்கள். கரும்பூஞ்சை நோய் பரவிய 2021ஆம் ஆண்டில் மேல்தாடையும் கண்குழியும் எந்த அளவு பாதிக்கப்பட்டன என்பதை அறிய இதுவும் எம்.ஆர்.ஐ.யும் பயன்பட்டன.

• எம்.ஆர்.ஐ.: நாக்கு முதலிய மென்திசுக்கள், தாடை மூட்டின் வட்டு. இதற்கு ஊடுகதிர் தேவையில்லை.

படம் காட்டாதவை

வாய்ப்புற்றுநோய் தொடங்குவது எலும்பில் அன்று; வாயின் உட்தோலில். அந்நிலையில் எந்த ஊடுகதிர்ப் படத்திலும் அது தெரியாது. வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தலும், விரலால் தொட்டறிதலும், ஐயமுள்ள இடத்தில் திசுப் பரிசோதனை செய்தலுமே நோயை உறுதிசெய்யும். படம் சரியாக உள்ளது என்பதால் புண்ணைப் புறக்கணித்தல் ஆகாது.

பின்வரும் குறிகளுள் ஒன்று இருப்பினும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்:

• இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்
• வெண்மையான அல்லது சிவந்த திட்டு
• வாயைத் திறப்பது நாளடைவில் குறைதல்
• காரணமின்றிப் பல் ஆடுதல்
• கீழுதடு மரத்துப்போதல்
• கழுத்தில் கட்டி

சோழவந்தான் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. வெற்றிலையோடு சேரும் புகையிலையும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. புகையிலையைக் கைவிட விரும்புவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணிலும், பிற மருத்துவ ஆலோசனைகளுக்கு 104 என்னும் எண்ணிலும் தொடர்புகொள்ளலாம்.

ஊடுகதிர்ப் படங்கள் மருத்துவர் தேவையெனக் கருதும்போது மட்டுமே எடுக்கப்பட வேண்டும். சிறிய பல் படத்தின் கதிரளவு மிகக் குறைவு, சி.டி. ஸ்கேனின் அளவு அதனினும் பன்மடங்கு மிகுதி. கருவுற்றிருப்போர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முன்னர் எடுத்த படங்களை உடன் கொண்டுவந்தால் மீண்டும் எடுப்பதைத் தவிர்க்கலாம்.

இறுதிக்காலம்

1977இல் இலண்டன் இராயல் கழகம் இராமச்சந்திரனைத் தன் உறுப்பினராக ஏற்றது. முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வருத்தியது. 1998இல் துணைவியார் இராசலட்சுமி மறைந்தார். 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் அவருக்கு எவால்டு பரிசு அளித்தது. 2001 ஏப்ரல் 7 அன்று, தம் 78ஆம் வயதில், சென்னையில் இயற்கை எய்தினார்.

அவர் மருத்துவர் அல்லர். நோயாளி எவருக்கும் படமெடுத்தவரும் அல்லர். எனினும் தாடையின் எத்துணைப் பகுதியைக் காக்க இயலும் என்று மருத்துவர் அறுவைக்கு முன்பே அறிந்துகொள்வதில் அவருடைய கணக்கிற்கும் பங்கு உண்டு. அப்பயன் முழுமையாகக் கிட்டுவதற்கு நோயாளி உரிய காலத்தில் வந்து வாயைக் காட்டுதல் வேண்டும்.